வராத வருமானத்தில் வாங்கிய கடன்: லீட்ஸ் கழகத்தின் கதை

வியாபாரப் பத்தியில் உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். எமது பிள்ளைகள் இங்கிலாந்துக் கழகங்களின் ஜேர்சிகளை அணிந்துகொண்டு திரிவதையும், வார இறுதி இரவுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து ஆளுக்கொரு பக்கமாய்ச் சண்டை பிடிப்பதையும் நாம் காண்கிறோம். அந்தச் சண்டையைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதில் பாதி விளையாட்டைப் பற்றியதே அல்ல. யாரை என்ன விலைக்கு வாங்கினார்கள், யாரை ஏன் விற்றார்கள், முகாமையாளரை மாற்ற வேண்டுமா, கழகத்தின் தலைவர் பதவி விலக வேண்டுமா என்பதுதான் பேச்சு. கொள்வனவு, விற்பனை, சம்பளம், கடன் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. இது வியாபாரம் அல்லாமல் வேறென்ன?

இப்படியான வாதங்களில் நீண்ட காலமாக ஓயாமல் இருப்பது லீட்ஸ் யுனைட்டட் கழகத்தின் வீழ்ச்சி பற்றிய வாதம். நான் உதைபந்தாட்டம் தெரிந்தவன் அல்லன். ஆனால் கணக்குக் கொப்பி பார்க்கத் தெரிந்தவன். இந்தக் கழகத்தின் கதையை வாசித்தபோது, கடை நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கதை என்று எனக்குப் பட்டது.

கழகம் எப்படிப்பட்டது?

லீட்ஸ் என்பது வட இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பிரதேசத்தில் உள்ள நகரம். கம்பளித் துணி வியாபாரத்தால் வளர்ந்த ஊர். லண்டன், மென்செஸ்டர், லிவர்பூல் போன்ற நகரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள் உண்டு. லீட்ஸில் ஒன்றே ஒன்றுதான். ஆகவே முழு ஊரின் ஆதரவும் அதற்கே. 1919ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட இக்கழகம் 1969, 1974, 1992 ஆகிய மூன்று தடவைகள் இங்கிலாந்தின் சம்பியனாகியது. எலண்ட் ரோட் என்ற அதன் மைதானத்தில் சுமார் 40,000 பேர் அமரலாம். ஒரு வியாபாரிக்கு இதைவிட நல்ல கடை எங்கே கிடைக்கும்? போட்டிக் கடை கிடையாது. வாடிக்கையாளர் தகப்பன், மகன், பேரன் என்று பரம்பரையாக வருகின்றார்.

1998இல் டேவிட் ஓலியரி முகாமையாளராக வந்தார். கழகத்தின் சொந்தப் பயிற்சிக் கூடத்திலேயே வளர்ந்த ஹரி கியூவல், ஜொனதன் வூட்கேட், அலன் ஸ்மித், கோல் காப்பாளர் போல் ரொபின்சன் போன்ற இளைஞர்கள் கைவசம் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் பிரீமியர் லீக்கில் மூன்றாம் இடம் கிடைத்தது. அதனால் ஐரோப்பாவின் பெரிய போட்டியான சம்பியன்ஸ் லீக்கில் விளையாடும் தகுதியும் கிடைத்தது. 2001இல் அப்போட்டியின் அரையிறுதி வரை சென்று ஸ்பெயினின் வலென்சியாவிடம் தோற்றார்கள்.

இது வரையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதே காலத்தில் கணக்குக் கொப்பியில் வேறொரு கதை எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

கணக்கில் நடந்தது என்ன?

கழகத்தின் தலைவராக 1997 முதல் இருந்தவர் பீட்டர் ரிட்ஸ்டேல். ஆடை விற்பனைத் துறையில் பெரிய பதவிகள் வகித்தவர். சிறு வயது முதல் அக்கழகத்தின் ரசிகரும் ஆவார். எனவே வியாபாரம் தெரியாதவர் என்றோ, கழகத்தின் மீது பற்றில்லாதவர் என்றோ அவரைச் சொல்ல முடியாது. கழகத்தின் உரிமைக் கம்பனி லண்டன் பங்குச் சந்தையில் பதிவானது. பணிப்பாளர் சபை இருந்தது, கணக்காய்வாளர்கள் இருந்தார்கள். ஒரு நிறுவனத்துக்கு இருக்க வேண்டிய எல்லாம் இருந்தன.

2000 நவம்பரில் வெஸ்ட் ஹாம் கழகத்திலிருந்து ரியோ பெர்டினண்ட் என்ற வீரரை 18 மில்லியன் பவுணுக்கு வாங்கினார்கள். அன்று பிரித்தானியாவில் அது சாதனை விலை. ரொபி கீனுக்கு 12 மில்லியன், ரொபி பௌலருக்கு சுமார் 11 மில்லியன் என்று கொள்வனவு தொடர்ந்தது. ஒவ்வொருவருக்கும் பெரிய சம்பளம், நீண்ட கால ஒப்பந்தம். சில வீரர்களை ஒரேயடியாகப் பணம் கொடுத்து வாங்காமல், நாம் வாகனத்தை லீசிங்கில் எடுப்பது போல, நிதி நிறுவனத்தின் மூலம் தவணை முறையில் எடுத்தார்கள்.

இவை போதாதென்று 2001 செப்டெம்பரில் 60 மில்லியன் பவுண் கடன் எடுக்கப்பட்டது. 25 வருடங்களில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிணையாக வைக்கப்பட்டது என்ன தெரியுமா? எதிர்காலத்தில் மைதானத்தின் வாசலில் விற்கப்படப்போகும் டிக்கட் வருமானம். அதாவது இன்னும் பிறக்காத ரசிகன் வாங்கப்போகும் டிக்கட்டின் காசும் 2001ஆம் ஆண்டிலேயே அடகுக்குப் போய்விட்டது.

இவ்வளவும் எதை நம்பி? வருடந்தோறும் சம்பியன்ஸ் லீக்கில் விளையாடுவோம், அதில் வரும் தொலைக்காட்சிப் பணத்தையும் பரிசுப் பணத்தையும் கொண்டு எல்லாவற்றையும் அடைப்போம் என்ற நம்பிக்கையில். அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து பிரீமியர் லீக்கின் முதல் சில இடங்களைப் பெறும் கழகங்களுக்கே அத்தகுதி. 2001 மே மாதத்தில் லீட்ஸ் நான்காம் இடத்துக்கு வந்தது. மூன்றாம் இடத்தைப் பெற்ற லிவர்பூலை விட ஒரே ஒரு புள்ளி குறைவு. அந்த ஒரு புள்ளியால் தகுதி போனது.

இங்கே கவனிக்க வேண்டியது திகதிகள். தகுதி கைநழுவியது மே மாதம். 60 மில்லியன் கடன் எடுத்தது அதன் பின்னர் செப்டெம்பரில். பௌலரை வாங்கியது நவம்பரில். முதல் வருடம் பிழைத்தது என்று தெரிந்த பிறகும் கொள்வனவு நிற்கவில்லை. மறு வருடம் ஐந்தாம் இடம். மீண்டும் தகுதி இல்லை.

அவசரத்துக்கு விற்பவனின் விலை

2002 ஜூன் மாதம் ஓலியரி நீக்கப்பட்டார். டெரி வெனபிள்ஸ் முகாமையாளரானார். ஜூலையில் பெர்டினண்ட் சுமார் 30 மில்லியனுக்கு மென்செஸ்டர் யுனைட்டட்டுக்கு விற்கப்பட்டார். இருபது மாதங்களில் சுமார் 12 மில்லியன் இலாபம். லீட்ஸ் ரசிகர்கள் பரம எதிரியாகப் பார்க்கும் கழகத்துக்கே விற்றதால் ஊரே கொதித்தது. ஆனால் வியாபாரியின் கண்ணுக்கு அந்த விற்பனையில் பிழையில்லை. நல்ல விலைக்குப் போன கடைசிச் சரக்கு அதுதான்.

அதன் பிறகு கழகத்துக்குப் பணமுடை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. விற்கிறவனுக்கு அவசரம் என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 12 மில்லியனுக்கு வாங்கிய கீன் 7 மில்லியனுக்குப் போனார். வூட்கேட் 9 மில்லியனுக்கு நியூகாசிலுக்குப் போனார். பௌலர் சுமார் 6 மில்லியனுக்கு மென்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அவரது சம்பளத்தின் ஒரு பகுதியைத் தொடர்ந்தும் லீட்ஸே கொடுக்க வேண்டியிருந்தது. சரக்கும் போய், சரக்கை வாங்கியவனுக்கு மாதாமாதம் காசும் கொடுக்கும் வியாபாரம் இது. ஒப்பந்தம் முடிய சில மாதங்களே இருந்த லீ போயர் வெறும் ஒரு இலட்சம் பவுணுக்குப் போனார். கியூவலை 5 மில்லியனுக்கு விற்றபோது அதில் சுமார் 2 மில்லியன் தரகுத் தரப்புக்கே போய்விட்டது.

இங்கே ஒரு கணக்கு முறையையும் விளக்க வேண்டும். ஒரு வீரரை 15 மில்லியனுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், கழகங்கள் அந்தச் செலவை ஒரே வருடத்தில் காட்டுவதில்லை. வருடத்துக்கு 3 மில்லியன் வீதம் பிரித்துக் காட்டுகின்றன. இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவது போன்றதே இது. இரண்டு வருடம் கழிந்ததும் கொப்பியில் அவரது பெறுமதி 9 மில்லியன். அவ்வேளையில் 5 மில்லியனுக்கு விற்றால், அந்த வருடமே 4 மில்லியன் நட்டம் தெரியும். ஆகவே நல்ல காலத்தில் செலவு சிறிதாகத் தோன்றுகிறது. கெட்ட காலத்தில் மறைந்திருந்த நட்டமெல்லாம் ஒன்றாக எழுந்து நிற்கிறது. 2003 ஜூனில் முடிந்த வருடத்துக்கு லீட்ஸ் 49.5 மில்லியன் பவுண் நட்டம் காட்டியது. மொத்தக் கடன் நூறு மில்லியனைத் தாண்டியது.

ரசிகர்களின் மூன்று கட்சிகள்

யார் குற்றவாளி என்ற கேள்விக்கு லீட்ஸ் ரசிகர்கள் மூன்று கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

முதற் கட்சியினர் தலைவர் ரிட்ஸ்டேல்தான் காரணம் என்பர். பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தார் என்பது அவர்களது குற்றச்சாட்டு. வூட்கேட் விற்கப்பட்ட 2003 ஜனவரியில், அவ்விற்பனையை விரும்பாத வெனபிள்ஸும் ரிட்ஸ்டேலும் பத்திரிகையாளர் முன் ஒரே மேசையில் அமர்ந்திருந்த காட்சியை இவர்கள் மறப்பதேயில்லை. செலவு அதிகம்தான், ஆனாலும் கனவை வாழ்ந்து பார்த்தோம் என்ற கருத்தில் ரிட்ஸ்டேல் அன்று சொன்ன வார்த்தை இங்கிலாந்தில் பழமொழி போலவே ஆகிவிட்டது. இரண்டு மாதங்களில் அவர் பதவி விலகினார்.

இரண்டாம் கட்சியினர் முகாமையாளர் ஓலியரியைக் குறை சொல்வர். இருந்த இளைஞர்களே போதும், ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பேரைக் கேட்டு வாங்கினார் என்பர். இதை நான் முழுதாக ஏற்கவில்லை. கடையில் விற்பனைக்கு நிற்பவர், "முதலாளி, இன்னும் பத்து டிசைன் எடுங்க, எல்லாம் போகும்" என்றுதான் சொல்வார். கேட்பது அவர் வேலை. மறுப்பது முதலாளியின் வேலை.

மூன்றாம் கட்சியினர் துரதிர்ஷ்டம் என்பர். 2001இல் இன்னும் ஒரு புள்ளி கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது அவர்களது ஆறுதல். இந்த வாதத்தை நான் திருப்பிக் கேட்கிறேன். ஒரு புள்ளியால் கவிழக்கூடிய வியாபாரத்தை யார் கட்டினார்கள்? இருபது கழகங்கள் போட்டியிடும் இடத்தில் வருடாவருடம் முதல் மூன்று நான்கு இடங்களுக்குள் வந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடு கடன் எடுத்தால், அந்த ஒரு புள்ளி இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் குறையத்தான் செய்யும். மழை பெய்ததால் கூரை ஒழுகவில்லை. கூரையில் ஓட்டை இருந்ததால்தான் ஒழுகியது.

ரசிகர்களின் வாதத்தில் தவறாமல் வருவது தங்கமீன் கதை. ரிட்ஸ்டேலுக்குப் பிறகு தலைவராக வந்த பேராசிரியர் ஜோன் மெக்கென்ஸி செலவுகளை ஆராய்ந்தபோது, தலைவரின் அலுவலகத்தில் இருந்த தங்கமீன் தொட்டிக்கு மாதம் 20 பவுண் வாடகை கொடுக்கப்பட்டது தெரியவந்தது. பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் பிரசுரித்தன. இருபது வருடங்களுக்கு மேலாகியும் லீட்ஸ் என்றால் தங்கமீன் என்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 20 பவுண் என்றால் வருடத்துக்கு 240 பவுண். 25 வருடம் மீன் வளர்த்தாலும் 6,000 பவுண்தான். கடனோ 60 மில்லியன். பத்தாயிரம் தொட்டிகளை 25 வருடம் வாடகைக்கு எடுத்தால்தான் அந்தக் கடனுக்குச் சமமாகும். எமது கடைகளிலும் இதே கதைதான். தேநீர்ச் செலவு, மின்விசிறி, பையனின் ஓவர்டைம் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். வங்கியில் எடுத்த பெருந்தொகையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சிறிய செலவு கண்ணுக்குத் தெரிகிறது. பெரிய செலவு ஒரு கையெழுத்துக்குள் மறைந்து கிடக்கிறது.

கடைசியில் யார் கட்டினார்கள்?

2004 மார்ச்சில் கழகம் புதியவர்களின் கைக்கு மாறியது. கடன் கொடுத்தோரும் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதே வருடம் மே மாதத்தில் போல்டனிடம் 4–1 என்று தோற்று, லீட்ஸ் பிரீமியர் லீக்கிலிருந்து வெளியேறியது. பயிற்சி மைதானமும் எலண்ட் ரோட் மைதானமும் அந்த வருடமே விற்கப்பட்டன. தம் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்கும் நிலை வந்தது. 2005 ஜனவரியில் கென் பேட்ஸ் பொறுப்பேற்றார். அவராலும் நிலைமையைத் திருப்ப முடியவில்லை. 2007 மே மாதத்தில் கடனை அடைக்க முடியாத நிலையில் கழகம் நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்துப் புள்ளிகள் குறைக்கப்பட்டன. வரலாற்றில் முதற் தடவையாக மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது.

வியாபாரிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். இங்கிலாந்தில் ஒரு கழகம் முறிந்தால், வீரர்களின் சம்பளமும் மற்றக் கழகங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணமும் முழுதாகக் கொடுக்கப்பட வேண்டும் என்பது லீக்கின் விதி. அப்படிக் கொடுக்காவிட்டால் லீக்கில் விளையாட இடமில்லை. மிகுதி இருந்தால்தான் மற்றவர்களுக்கு. உணவு வழங்கியவர், அச்சகக்காரர், வாகனம் ஓட்டியவர், வரித் திணைக்களம் எல்லாரும் அந்த "மற்றவர்கள்". லீட்ஸ் விடயத்தில் இவர்களுக்கு முதலில் பேசப்பட்டது பவுணுக்கு 1 பென்ஸ். நூறு பவுணுக்குச் சரக்கு கொடுத்தவருக்கு ஒரே ஒரு பவுண். வரித் திணைக்களம் இந்த விதியை எதிர்த்துப் பின்னர் நீதிமன்றம் சென்றது. 2012இல் அவ்வழக்கிலும் அது தோற்றது.

மில்லியன்களில் சம்பளம் பெற்றவருக்கு முழுப் பணம். சான்ட்விச் கொடுத்தவருக்கு ஒரு பென்ஸ். ரசிகர்களின் வாதத்தில் இவர்களின் பெயர் வருவதேயில்லை.

இந்த வேதனையை எம்மில் பலர் அறிவோம். நான் முப்பது வருடமாகப் புடைவை மொத்த வியாபாரத்தில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் எங்கள் கடன் சரக்கைக் கொண்டே மூன்று கிளைகளைத் திறந்தார். பெருநாள் வியாபாரத்தை நம்பிப் பின்திகதியிட்ட காசோலைகளை எல்லாருக்கும் எழுதினார். பெருநாள் வந்தது, எதிர்பார்த்த வியாபாரம் வரவில்லை. வங்கி கட்டடத்தை எடுத்தது. லீசிங் கம்பனி வாகனத்தை எடுத்தது. திரும்பி வந்த காசோலைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் ஆறு பேர். எனக்குக் கிடைத்தது பாக்கியில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. லீட்ஸில் அந்தச் சான்ட்விச்காரர் எப்படி நின்றிருப்பார் என்பதை என்னால் நன்றாக நினைத்துப் பார்க்க முடிகிறது.

எழுந்து வரப் பிடித்த காலம்

லீட்ஸ் மீண்டும் பிரீமியர் லீக்குக்கு வந்தது 2020இல். பதினாறு வருடங்கள். அதற்கிடையில் உரிமையாளர்கள் பலர் மாறினார்கள். 2017இல் புதிய உரிமையாளர் அன்ட்ரியா ரட்ரிசானி மைதானத்தைத் திருப்பி வாங்கினார். மார்சலோ பியெல்சா என்ற ஆர்ஜென்டீனப் பயிற்றுவிப்பாளர் இருந்த வீரர்களைக் கொண்டே பெரும்பாலும் அணியைச் சீர்செய்தார். 2023இல் மறுபடியும் இறக்கம், 2025இல் மறுபடியும் ஏற்றம். மூன்று நான்கு வருடங்களில் செய்த செலவின் தழும்பு ஒரு தலைமுறையைக் கடந்து நின்றது.

ரசிகர்களின் வாதம் வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லீட்ஸ் மட்டுமல்ல, போர்ட்ஸ்மத் போன்ற கழகங்களும் முறிந்தன. 2019இல் பரி என்ற பழைய கழகம் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ரசிகர்களின் தொடர்ந்த குரலால் அரசு விசாரணை வைத்து, 2025 ஜூலையில் சட்டமொன்றை நிறைவேற்றியது. கழகங்களைக் கண்காணிக்கச் சுயாதீன அமைப்பொன்று அச்சட்டத்தின் கீழ் உருவானது. கழகங்கள் அனுமதிப் பத்திரம் பெற வேண்டும், நிதித் திட்டத்தைக் காட்ட வேண்டும். மைதானத்தை நினைத்தபடி விற்கவும் முடியாது.

எமது கடைகளுக்கு அப்படியொரு கண்காணிப்பாளர் வரப்போவதில்லை. எமக்கு நாமேதான். ஆகவே பெரிய கடனொன்றில் கையெழுத்திடு முன் மூன்று கேள்விகளைக் கடதாசியில் எழுதிப் பதில் எழுதிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, இந்தத் தவணையைக் கட்டப்போவது இன்று வரும் வருமானமா, நாளை வரலாம் என்று நினைக்கும் வருமானமா? கடந்த வருடத்து விற்பனையில் தவணையைக் கட்ட முடியாவிட்டால், அந்தக் கடன் உங்களுக்குரியதல்ல.

இரண்டு, எதிர்பார்த்தது ஒரு வருடம் பிழைத்தால் எதை நிறுத்துவோம், எதை விற்போம்? அவசரம் வரும் முன்னர் விற்பவனுக்கே விலை கிடைக்கும். பெர்டினண்ட் போன விலையையும் போயர் போன விலையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, எனது கடையில் எனக்கு "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர் யார்? லீட்ஸ் சபையில் பணிப்பாளர்கள் நிறைய இருந்தார்கள். தலைவரும் ரசிகர், முகாமையாளருக்கும் ஆசை, ஊருக்கும் உற்சாகம். எல்லாரும் ஒரே பக்கம் இழுத்தபோது, மறுபக்கம் இழுக்கும் கை பலமாக இருக்கவில்லை. உங்கள் கடையில் அது மகனாக இருக்கலாம், கணக்கப்பிள்ளையாக இருக்கலாம், மனைவியாகவும் இருக்கலாம். அவர் சொல்லும்போது கோபப்படாமல் கேளுங்கள்.

கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர்களுக்கு இன்னுமொன்று. வாங்குபவரின் கடை அலங்காரத்தையும் கிளைகளின் எண்ணிக்கையையும் பார்த்துக் கடன் எல்லையைக் கூட்டாதீர்கள். அவர் முறிந்தால் உங்களுக்கு முன்னால் வரிசையில் யார் யார் நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வரிசையில் நாம் எப்போதும் கடைசியில்தான் நிற்கிறோம்.